கேள்வி–பதில்: பிரிஸ்பேனின் ‘தி செயின்ட்ஸ்’

எழுபதுகளில் எழுந்த, வேகமும் இரைச்சலும் நிறைந்த எளிய ராக் இசையான பங்க் ராக் லண்டனில்தான் பிறந்ததா என்று ஒரு வாசகர் சென்ற இதழில் கேட்டிருந்தார். பிரிட்டனின் எந்தப் பங்க் குழுவும் தன் முதல் இசைத்தட்டை வெளியிடுவதற்கு முன்பே, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தைச் சேர்ந்த ‘தி செயின்ட்ஸ்’ குழு தன் பாடலைத் தானே பதிவு செய்து, தானே வெளியிட்டுவிட்டது என்று அவருக்கு விடையெழுதியிருந்தேன். அந்தக் குழுவைப் பற்றி விரிவாக எழுதும்படி பலர் கேட்டுக்கொண்டதால், இந்த முறை பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ‘தி செயின்ட்ஸ்’ குழுவில் இருந்தவர்கள் யார்? எப்படி ஒன்றுசேர்ந்தார்கள்?
(வாசகர், கோயம்புத்தூர்)

பாடகர் கிரிஸ் பெய்லி, கிடார் கலைஞர் எட் க்யூப்பர், டிரம்ஸ் வாசித்த ஐவோர் ஹே ஆகிய மூவரும்தான் இக்குழுவின் மூலவர்கள். பள்ளிப் பருவத்திலேயே பழகியவர்கள். பெய்லி ஐரிஷ் பெற்றோருக்குக் கென்யாவில் பிறந்து, பெல்ஃபாஸ்ட் நகரில் சிறுவயதைக் கழித்து, பிறகு குடும்பத்தோடு பிரிஸ்பேனின் இனாலா பகுதிக்கு வந்து சேர்ந்தவர். உழைக்கும் மக்களுக்காக அரசு வீடுகள் கட்டிக்கொடுத்த புறநகர் அது. க்யூப்பர் ஜெர்மனியின் பிரேமன் நகரில் பிறந்தவர். ஊரின் நடுவிலிருந்தும் ஊரின் வழக்கமான வாழ்க்கையிலிருந்தும் சற்றுத் தள்ளியே இவர்கள் வளர்ந்தார்கள் என்பதைப் பின்னால் வரும் கதைக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1973-ஆம் ஆண்டு வாக்கில் ‘கிட் கலஹாட் அண்ட் தி இடர்னல்ஸ்’ என்ற பெயரில் தொடங்கிய குழு, விரைவிலேயே ‘தி செயின்ட்ஸ்’ ஆயிற்று. பேஸ் கிடாருக்குக் கிம் பிராட்ஷா பிறகு வந்து சேர்ந்தார். அக்காலத்து வானொலியில் ஓடிக்கொண்டிருந்த மெருகேறிய ராக் இசை இவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல், அறுபதுகளில் சிட்னியில் இயங்கிய ‘மிஸ்ஸிங் லிங்க்ஸ்’ என்ற முரட்டுக் குழு, அமெரிக்காவின் ‘ஸ்டூஜஸ்’, ‘எம்.சி.5’ ஆகியவற்றைத் தேடிக் கேட்டார்கள். அவற்றை எல்லாம் ஒன்றாகக் கலந்து, இன்னும் வேகமாக, இன்னும் உரத்து வாசித்தார்கள். அந்த வேகத்துக்கு க்யூப்பர் பிற்காலத்தில் ஒரு காரணம் சொல்லியிருக்கிறார். கூட்டத்தின் முன் நின்றதும் பதற்றமாக இருந்ததாம். பதற்றம் கூடக் கூட வாசிப்பும் வேகம் கூடிக்கொண்டே போனதாம். கொள்கை அறிக்கையை வைத்துக்கொண்டு பாணியை உருவாக்கியவர்கள் அல்லர் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: குயின்ஸ்லாந்து மாநிலத்தின் அன்றைய அடக்குமுறை ஆட்சியை எதிர்த்துப் பாடிய அரசியல் குழு என்று இவர்களைச் சொல்வது சரியா?
(வாசகி, மதுரை)

பாதி சரி. குயின்ஸ்லாந்தை 1968 முதல் 1987 வரை முதல்வராக ஆண்டவர் ஜோ பியெல்கி-பீட்டர்சன். 1971-இல் தென்னாப்பிரிக்க ரக்பி அணியின் வருகையை எதிர்த்து எழுந்த போராட்டத்துக்காக மாநிலத்தில் ஒரு மாதம் நெருக்கடி நிலையையே அறிவித்தவர். 1977 செப்டம்பரில், அரசியல் ஊர்வலங்களுக்கு இனித் தெருவில் இடமில்லை என்று அவர் அறிவித்தார். அடுத்த மாதமே நடந்த ஓர் ஊர்வலத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் கைது செய்யப்பட்டனர். நீண்ட தலைமுடியோடு இரவில் நடந்துபோகும் இளைஞனைப் போலீஸ் நிறுத்தி விசாரிப்பது பிரிஸ்பேனில் அன்றாட நடப்பாக இருந்தது. அந்தப் போலீஸ் துறையில் ஊழல் எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதை 1987-இல் தொடங்கிய ஃபிட்ஸ்ஜெரால்டு விசாரணை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. போலீஸ் ஆணையராக இருந்த டெர்ரி லூயிஸ் 1991-இல் சிறைக்குப் போனார்.

ஆனால் காலக்கணக்கைப் பார்க்க வேண்டும். ஊர்வலத் தடை வந்தபோது செயின்ட்ஸ் குழு லண்டனில் இருந்தது. அவர்களுடைய முதல் பாடல்களில் ஆட்சியைப் பற்றியோ முதல்வரைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. போக வழியற்று ஓரிடத்தில் மாட்டிக்கொண்டதன் எரிச்சலும் சலிப்பும்தான் அவற்றில் நிறைந்திருக்கின்றன. போலீஸ் நகரமாகிவிட்ட பிரிஸ்பேனை வெளிப்படையாகப் பெயர் சொல்லிப் பாடியது 1978-இல்தான். ‘பிரிஸ்பேன் (செக்யூரிட்டி சிட்டி)’ என்பது அந்தப் பாடல். போராட்டப் பாடகர்கள் என்ற பட்டத்தை அவர்கள் கேட்டதும் இல்லை, ஏற்றதும் இல்லை. இருந்தாலும் அந்த ஊரின் இறுக்கம் அவர்களைச் செதுக்கியது என்பதை மறுக்க முடியாது. ஊரில் மேடை தர ஆளில்லை; மதுக்கடைகளில் வாசிக்க வாய்ப்புக் கிடைத்தவை, வானொலியில் வந்த பாடல்களை அப்படியே திருப்பிப் பாடிய குழுக்களே. அதனால் பெய்லியும் ஹேயும் பெட்ரி டெரஸ் என்ற தெருவில் தாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டையே ‘கிளப் 76’ என்று பெயரிட்டு அரங்கமாக மாற்றிக்கொண்டார்கள். எதிரே இருந்தது போலீஸ் தலைமையகம்.

கேள்வி: அந்த முதல் இசைத்தட்டைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். பிரிஸ்பேன் போன்ற தொலைதூர ஊரில் இளைஞர்கள் தாமே வெளியிட்ட பாடல் லண்டன்வரை எப்படிப் போய்ச் சேர்ந்தது?
(வாசகர், யாழ்ப்பாணம்)

தபாலில்தான் போய்ச் சேர்ந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1976 ஜூன் மாதம், பிரிஸ்பேனில் இருந்த ‘விண்டோ ஸ்டுடியோஸ்’ என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில், மார்க் மாஃபட் தயாரிப்பாளராக இருக்க, இரண்டு பாடல்களைப் பதிவு செய்தார்கள். இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு ‘ஐ ஆம் ஸ்ட்ராண்டட்’, மறுபக்கத்துக்கு ‘நோ டைம்’. எந்த நிறுவனமும் இவர்களைத் திரும்பிப் பார்க்காததால் ‘ஃபேட்டல் ரெக்கார்ட்ஸ்’ என்று தமக்கென ஒரு நிறுவனப் பெயரைச் சூட்டிக்கொண்டு, ஐந்நூறு பிரதிகள் மட்டும் அச்சிட்டு, செப்டம்பரில் வெளியிட்டார்கள். உள்நாட்டுப் பத்திரிகைகளுக்கும் வானொலி நிலையங்களுக்கும் அனுப்பினார்கள். பெரிதாக எந்த அசைவும் இல்லை. வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கும் சில பிரதிகளை அனுப்பினார்கள். அவற்றுள் ஒன்று லண்டனின் ‘சவுண்ட்ஸ்’ வார இதழுக்குப் போய்ச் சேர்ந்தது. பங்க் இசையைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்து எழுதிவந்த ஜான் இங்கம் அங்கே விமர்சகராக இருந்தார். அவர் இந்தப் பாடலை, அந்த வாரத்துக்கு மட்டுமன்றி எல்லா வாரங்களுக்குமான சிங்கிள் (ஒரு பாடலை முன்னிறுத்தும் சிறு இசைத்தட்டு) என்று அக்டோபரில் எழுதினார்.

அந்த விமர்சனம் வந்தபோது லண்டனில் ஒரு பங்க் இசைத்தட்டுகூட இல்லை. ‘தி டாம்ன்ட்’ குழுவின் முதல் சிங்கிள் வந்தது அக்டோபர் மாத இறுதியில். ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ குழுவின் முதல் சிங்கிள் நவம்பர் மாத இறுதியில். ‘தி கிளாஷ்’ குழுவினுடையது அடுத்த ஆண்டு மார்ச்சில். பெரும் பத்திரிகைகளும் ஆடை வடிவமைப்பாளர்களும் மேலாளர்களும் சூழ்ந்திருந்த லண்டனை, தபால்தலைச் செலவில் ஒரு பிரிஸ்பேன் குழு முந்திக்கொண்டது.

இதன் விளைவு இன்னும் விந்தையானது. இ.எம்.ஐ. என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தின் லண்டன் தலைமையகம், தன் சிட்னி கிளையைத் தொடர்புகொண்டு, உங்கள் நாட்டில் இருக்கும் இந்தக் குழுவை உடனே ஒப்பந்தம் செய்யுங்கள் என்று உத்தரவிட்டது. சொந்த நாட்டுக் கிளைக்குத் தெரியாத ஒன்று பூமியின் மறுபக்கத்திலிருந்து சொல்லப்பட்டுத் தெரிந்தது. மூன்று ஆல்பங்களுக்கு ஒப்பந்தம் ஆயிற்று. முதல் ஆல்பத்தை அதே விண்டோ ஸ்டுடியோஸில், ராட் கோ தயாரிப்பாளராக இருக்க, 1976 டிசம்பரில் இரண்டே நாளில் பதிவு செய்து முடித்தார்கள். 1977 பிப்ரவரியில் முதல் பாடலின் பெயரையே தாங்கி அது வெளிவந்தது. அட்டைப்படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பெட்ரி டெரஸில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு வீட்டின் உள்ளே நால்வரும் நிற்கிறார்கள். பின்னாலிருக்கும் சுவரில் பாடலின் பெயர் பெயின்ட்டால் எழுதப்பட்டிருக்கிறது. அங்கேயே பாடலுக்கான காணொளியையும் எடுத்தார்கள்.

பாடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்றரை நிமிடம் ஓடுகிறது. எடுத்த எடுப்பிலேயே க்யூப்பரின் கிடார் பாய்ந்துவிடுகிறது. ஒரு சுரக்கூட்டுக்கும் (கார்டு) அடுத்ததற்கும் நடுவில் மூச்சுவிடும் இடைவெளி இல்லாமல், மர அறுவை மில்லில் வாள் ஓடுவதைப் போல ஒரே இரைச்சலாக நிற்கிறது. அதன் மேல் பெய்லியின் குரல் வருகிறது. லண்டன் பாடகர்களைப் போல அவர் கத்துவதில்லை. இழுத்து இழுத்து, தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி, யார் கேட்டால் என்ன என்பது போலப் பாடுகிறார். கீழே கிடார் அவ்வளவு அவசரப்படும்போது மேலே குரல் இவ்வளவு நிதானமாக இருப்பதுதான் அந்தப் பாடலின் உயிர். ஐம்பது ஆண்டுகள் ஆகியும் அது பழசாகாமல் இருப்பதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

கேள்வி: ‘ரமோன்ஸ்’ குழுவின் முதல் ஆல்பம் 1976 ஏப்ரலிலேயே வந்துவிட்டதே. அதைக் கேட்டுத்தானே ஜூனில் இவர்கள் பதிவு செய்திருப்பார்கள்?
(வாசகர், சென்னை)

நாட்களை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் செயின்ட்ஸ் 1974-இல் பிரிஸ்பேனில் வாசித்தவை எளிய கருவியில் பதிவாகி, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு 1995-இல் இசைத்தட்டாகவும் வெளிவந்தன. ஒலித்தரம் மோசம்தான், ஆனால் பிற்காலத்து வேகமும் இரைச்சலும் அதிலேயே முழுமையாக இருக்கின்றன. நியூயார்க்கில் ரமோன்ஸ் தொடங்கிய அதே ஆண்டில், ஒருவரைப் பற்றி மற்றவர் அறியாமல், இரு ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். இரண்டு குழுக்களும் பழைய ராக் அண்ட் ரோலிலிருந்தும் ஸ்டூஜஸிலிருந்தும் புறப்பட்டவை என்பதால் இதில் மாயம் எதுவும் இல்லை.

ரமோன்ஸ் ஆல்பத்தை முதன்முறை கேட்டபோது தனக்கு மகிழ்ச்சி வரவில்லை, மனச்சோர்வுதான் வந்தது என்று க்யூப்பர் சொல்லியிருக்கிறார். இனி நாம் எதை வெளியிட்டாலும் அவர்களைப் பார்த்துச் செய்ததாகத்தான் உலகம் சொல்லும் என்று அப்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியே அவர் அஞ்சியது சரிதான் என்று காட்டுகிறது.

கேள்வி: ‘ஏ.சி./டி.சி.’ குழுவும் இதே காலத்து ஆஸ்திரேலியக் குழுதானே? அவர்களையும் பங்க் வகையில் சேர்க்கலாமா?
(வாசகர், திருச்சி)

சேர்க்க முடியாது. அவர்கள் சிட்னியில் 1973-இல் தொடங்கி, புளூஸ் அடிப்படையிலான ஹார்ட் ராக் வாசித்தவர்கள். 1976-இல் லண்டன் போனபோது அங்கிருந்த பத்திரிகைகள் சில காலம் பங்க் என்று முத்திரை குத்த முயன்றன. அவர்கள் அதை விரும்பவில்லை. செயின்ட்ஸ் குழுவோடு சேர்த்துப் பேச வேண்டிய சிட்னிக் குழு ‘ரேடியோ பேர்ட்மேன்’. அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரிலிருந்து மருத்துவம் படிக்க வந்த டெனிஸ் டெக் தொடங்கிய குழு அது. அதுவும் 1974-இல் பிறந்து, 1976-இல் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. இரு குழுக்களுக்கும் ஒத்துப்போகவில்லை. பேர்ட்மேன் குழுவுக்குச் சின்னமும் சீரான உடையும் ராணுவ ஒழுங்கும் உண்டு. செயின்ட்ஸ் குழுவுக்கு இவை மூன்றும் ஆகாதவை.

கேள்வி: இவ்வளவு முன்னதாகத் தொடங்கியும் செக்ஸ் பிஸ்டல்ஸ், கிளாஷ் அளவுக்கு ஏன் இவர்கள் புகழ்பெறவில்லை? லண்டனில் என்ன நடந்தது?
(வாசகி, பெங்களூரு)

உடை ஒரு காரணம் என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் உண்மை அதுதான்.

1977-இன் தொடக்கத்தில் சிட்னிக்கு இடம்பெயர்ந்த குழு, அவ்வாண்டின் நடுவில் லண்டன் சென்றது. ஜூன் மாதம் அங்கே ‘ரவுண்ட்ஹவுஸ்’ அரங்கில் ரமோன்ஸ் குழுவோடு ஒரே மேடையில் வாசித்தது. அதற்குள் லண்டனில் பங்க் என்றால் இன்னதுதான் என்று முடிவாகியிருந்தது. நிமிர்த்திய குட்டை முடி, கிழித்து ஊக்கு குத்திய சட்டை, தோல் ஜாக்கெட் என்று கடைகளிலேயே விற்கத் தொடங்கிவிட்டார்கள். இவர்களோ நீண்டு கலைந்த முடியும், சாதாரணச் சட்டையும், பிரிஸ்பேனில் அணிந்த அதே கால்சட்டையுமாகப் போய் நின்றார்கள். இ.எம்.ஐ. நிறுவனம் இவர்களுக்கென்று எலுமிச்சைப் பச்சை நிறத்தில் ஓர் உடையைத் தயாரிக்கவும், முடியை நிமிர்த்திவிடவும் திட்டமிட்டது. இவர்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை.

ஜூலையில் வந்த ‘திஸ் பர்ஃபெக்ட் டே’ பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 34-ஆம் இடத்துக்கு ஏறியது, பி.பி.சி. தொலைக்காட்சியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சியிலும் தோன்றினார்கள். அந்த ஒளிப்பதிவு இன்றும் இணையத்தில் பார்க்கக் கிடைக்கிறது. பெய்லி கேமராவை மகிழ்விக்க எதுவுமே செய்யாமல் நிற்பதைப் பாருங்கள். அதுதான் பிரிட்டனில் அவர்களுடைய உச்சம். அதற்குமேல் போகவில்லை.

பிராட்ஷா விலக, ஆல்ஜி வார்ட் என்ற ஆங்கிலேய இளைஞர் பேஸ் கிடாருக்கு வந்தார். அடுத்த ஆல்பமான ‘இடர்னலி யுவர்ஸ்’ 1978 மே மாதம் வெளியானது. அதன் முதல் பாடல் ‘நோ யுவர் ப்ராடக்ட்’ ஊதுகருவிகளின் முழக்கத்தோடு தொடங்குகிறது. டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் கறுப்பின மக்களின் சோல் இசையிலிருந்து எடுத்த துள்ளலோடு கிடாருக்கு இணையாகப் பாய்கின்றன. விளம்பரமும் விற்பனையும் மனிதனை எப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்று பாடுகிறார் பெய்லி. ‘பிரைவேட் அஃபேர்’ என்ற பாடல், புதுமை பேசிக்கொண்டே எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிட்ட பங்க் கூட்டத்தையே சாடுகிறது. பங்க் ரசிகர்களிடம் போய் அவர்களுடைய சீருடையைக் கேலி செய்தால் தட்டு எப்படி விற்கும்? விற்கவில்லை. என்னைக் கேட்டால், முதல் ஆல்பத்தைவிட இதுவே பெரிய சாதனை. முதல் ஆல்பத்தைப் போன்ற ஒன்றை அக்காலத்து வேறொரு குழுவும் எடுத்திருக்கக்கூடும். இதை அவர்கள் மட்டுமே எடுத்திருக்க முடியும்.

விற்பனையாகாமல் போனதற்கு இசை நிறுவனத்தின் மீது பழி போடுவது எளிது. செயின்ட்ஸ் பிரிஸ்பேனில் எப்படி ஊரோடு ஒத்துப்போகவில்லையோ அப்படியே லண்டனோடும் ஒத்துப்போகவில்லை. ஐந்நூறு பிரதிகளைத் தாமே அச்சிட வைத்த அதே பிடிவாதம்தான் பச்சைச் சட்டையையும் மறுக்க வைத்தது. ஒன்றைப் பாராட்டிவிட்டு மற்றதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: அப்படியானால் குழு ஏன் அவ்வளவு சீக்கிரம் உடைந்தது?
(வாசகர், சேலம்)

மூன்றாவது ஆல்பமான ‘ப்ரீஹிஸ்டாரிக் சவுண்ட்ஸ்’ 1978-இன் பிற்பகுதியில் வந்தது. இதில் வேகம் தணிந்து, ஊதுகருவிகள் முன்னுக்கு வந்து, ஜாஸ் இசையின் சாயல் படிந்திருக்கும். ஓட்டிஸ் ரெடிங், அரேதா ஃப்ராங்க்ளின் ஆகியோரின் பாடல்களையும் எடுத்துப் பாடியிருக்கிறார்கள். பங்க் ரசிகர்கள் கைவிட்டார்கள். மற்றவர்கள் கேட்கவே இல்லை. நிறுவனம் ஒப்பந்தத்தைத் தொடரவில்லை. க்யூப்பர் மேலும் சிக்கலான, சோதனை முயற்சியான இசையை நோக்கிப் போக விரும்பினார். பெய்லிக்கு நேரடியான ராக் பாடல்களே போதுமானதாக இருந்தன. இருபத்து மூன்று வயதைத் தாண்டாத இருவர், ஊரைவிட்டுப் பல்லாயிரம் மைல் தள்ளி, பணமில்லாமல் ஒன்றாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு முடிவதற்குள் குழு கலைந்தது.

கேள்வி: 1978-இல் கலைந்தது என்கிறீர்கள். ஆனால் 2012-இல்கூட ‘தி செயின்ட்ஸ்’ பெயரில் ஆல்பம் வந்திருக்கிறதே. எது உண்மையான குழு?
(வாசகர், கொழும்பு)

பெயரை வைத்துக்கொண்டவர் பெய்லி. ஆட்களை மாற்றிக்கொண்டே முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அதே பெயரில் இயங்கினார். ஐவோர் ஹேயும் சில காலம் அவரோடு இருந்தார். 1981-இல் ‘தி மங்கி பஸ்ஸில்’, 1984-இல் ‘எ லிட்டில் மேட்னஸ் டு பி ஃப்ரீ’, 1986-இல் ‘ஆல் ஃபூல்ஸ் டே’ என்று ஆல்பங்கள் தொடர்ந்தன. நீங்கள் குறிப்பிடும் 2012-ஆம் ஆண்டு ஆல்பம் ‘கிங் ஆஃப் தி சன்’. இவற்றில் பங்க் இசையைத் தேடிப் போகிறவர் ஏமாந்துவிடுவார். தந்திக்கருவிகளும் ஊதுகருவிகளும் சூழ, கனிந்த குரலில் பெய்லி பாடும் நீண்ட பாடல்கள் இவை. தனிமையும் பயணமும் குடியும் இவற்றின் பொருள். ‘ஆல் ஃபூல்ஸ் டே’ ஆல்பத்தில் வரும் ‘ஜஸ்ட் லைக் ஃபயர் வுட்’ பாடலைத்தான் அமெரிக்காவின் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் எடுத்துப் பாடி, 2014-இல் தன் ‘ஹை ஹோப்ஸ்’ ஆல்பத்தில் சேர்த்துக்கொண்டார்.

க்யூப்பர் ஆஸ்திரேலியா திரும்பி, 1979-இல் ‘லாஃபிங் கிளவுன்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார். செயின்ட்ஸ் குழுவின் தொடக்க நாட்களில் டிரம்ஸ் வாசித்த ஜெஃப்ரி வெகனர் அதில் அவருக்குத் துணை. மூன்றாவது ஆல்பத்தில் தொடங்கிவைத்ததை ஜாஸ் பக்கம் இன்னும் தூரம் கொண்டுசென்ற குழு அது. பிறகு தனிக் கலைஞராகவும் ஏராளமான ஆல்பங்களை வெளியிட்டார். 1991-இல் பழைய பாடல்களை வாசிப்பதற்காக ‘தி ஏன்ட்ஸ்’ என்ற பெயரில் (‘செயின்ட்ஸ்’ என்பதன் முதல் எழுத்தை நீக்கியது, ஆங்கிலத்தில் ‘அல்ல’ என்றும் ஒலிப்பது) ஒரு குழுவை அமைத்தார்; பெயர் தன்னிடம் இல்லை என்பதை அப்படி ஒரு பெயரிலேயே சொல்லிவிட்டார்.

எது உண்மையான குழு என்ற கேள்விக்கு என் விடை: 1973 முதல் 1978 வரை இருந்தது ஒரு குழு, பிறகு இருந்தது, அதே பெயரில் கிரிஸ் பெய்லி நடத்திய மற்றொரு குழு. இரண்டாவதைப் போலி என்று தள்ளுகிறவர்கள் அதன் நல்ல பாடல்களை இழக்கிறார்கள். ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசினால் க்யூப்பருக்கு அநீதி செய்கிறோம். முதல் மூன்று ஆல்பங்களின் ஒலி பெரும்பாலும் அவருடைய கையிலிருந்து வந்தது.

இருவரும் பிறகு சில முறை ஒன்றாக மேடையேறினார்கள். 2007 ஜூலையில் பிரிஸ்பேனில் நடந்த ‘பிக் சிட்டி’ நிகழ்ச்சியில் பெய்லி, க்யூப்பர், ஹே மூவரும் சேர்ந்து வாசித்தார்கள். 2009-இல் ஆஸ்திரேலியப் பாடகர் நிக் கேவ் குழுக்களைத் தேர்ந்தெடுத்து நடத்திய ஆஸ்திரேலிய இசை விழாவிலும் வாசித்தார்கள். பெய்லி 2022 ஏப்ரல் 9-ஆம் நாள் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் தம் அறுபத்தைந்தாம் வயதில் காலமானார்.

கேள்வி: அவர்களுடைய பாதிப்பு இன்று எங்கே தெரிகிறது? சொந்த ஊர் அவர்களை மதித்ததா?
(வாசகி, புதுச்சேரி)

சற்றுத் தாமதமாக மதித்தது. 2001-இல் ஆஸ்திரேலிய ஒலிப்பதிவுத் துறையின் ‘ஆரியா’ அமைப்பு அவர்களைத் தன் புகழரங்கில் (ஹால் ஆஃப் ஃபேம்) சேர்த்தது. 2007-இல் ‘ஐ ஆம் ஸ்ட்ராண்டட்’ பாடல், நாட்டின் ஒலிமரபைக் காப்பதற்காகத் தேசியத் திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம் தொடங்கிய பட்டியலில் இடம்பெற்றது.

பட்டியல்களைவிடப் பெரிது, அடுத்து வந்தவர்களுக்குக் கிடைத்த தைரியம். பிரிஸ்பேனிலிருந்தே ஒரு பாடலை உலகத்துக்கு அனுப்ப முடியும் என்று தெரிந்த பிறகு, 1977-இன் இறுதியில் ராபர்ட் ஃபார்ஸ்டரும் கிராண்ட் மெக்லென்னனும் ‘தி கோ-பிட்வீன்ஸ்’ குழுவைத் தொடங்கினார்கள். இசை முற்றிலும் வேறு, மென்மையானது. ஆனால் முதல் தட்டைத் தாமே வெளியிடும் வழியை அவர்களுக்குக் காட்டியது செயின்ட்ஸ்தான். ‘ரேசர்’ என்ற பிரிஸ்பேன் பங்க் குழு, நகரத்துப் போலீஸின் ரகசியப் படையைப் பற்றியே 1978-இல் பாடல் வெளியிட்டது. மெல்பர்னில் அப்போது இளைஞராக இருந்த நிக் கேவ், செயின்ட்ஸ் மேடையில் வாசிப்பதைப் பார்த்தது தன்னை மாற்றிய அனுபவம் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். 2003-இல் தன் ஆல்பம் ஒன்றில் பெய்லியை அழைத்துத் தன்னோடு பாடவும் வைத்தார். எழுபதுகளின் ராக் இசையை மாற்றியவை செக்ஸ் பிஸ்டல்ஸ், ரமோன்ஸ், செயின்ட்ஸ் ஆகிய மூன்று குழுக்களே என்று ஐரிஷ் பாடகர் பாப் கெல்டாஃப் சொன்னதாக அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த மூன்றில் இரண்டை நம் வாசகர்கள் அறிந்திருக்கிறார்கள், மூன்றாவதை அறியவில்லை என்பதற்காகவே இவ்வளவு எழுதுகிறேன்.

கேள்வி: இதுவரை பங்க் இசையே கேட்டிராத நான் எதிலிருந்து தொடங்குவது?
(வாசகர், தஞ்சாவூர்)

‘ஐ ஆம் ஸ்ட்ராண்டட்’ ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். ஆனால் வேகமான பாடல்களோடு நிறுத்திவிட வேண்டாம். ‘மெஸ்ஸிங் வித் தி கிட்’ என்ற மெதுவான பாடலும், ஆல்பத்தை முடித்துவைக்கும் ‘நைட்ஸ் இன் வெனிஸ்’ பாடலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடுபவை. பங்க் என்றால் இரண்டு நிமிடக் கூச்சல் என்ற எண்ணம் இவற்றிலேயே கலைந்துவிடும். அடுத்து ‘இடர்னலி யுவர்ஸ்’ ஆல்பத்தை முழுமையாகக் கேளுங்கள். ‘ப்ரீஹிஸ்டாரிக் சவுண்ட்ஸ்’ ஆல்பத்துக்குச் சற்று அவகாசம் கொடுங்கள். முதல் முறை கேட்கும்போது பிடிக்காமல் போகலாம், மூன்றாம் முறை பிடித்துவிடும். மேடையில் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று பார்க்க விரும்பினால், 1977 ஏப்ரலில் சிட்னியின் பேடிங்டன் டவுன் ஹாலில் எடுத்த ஒளிப்பதிவைத் தேடிப் பாருங்கள். 2024-இல் க்யூப்பரும் ஹேயும் ‘தி செயின்ட்ஸ் 73–78’ என்று ஆண்டுகளையும் சேர்த்துப் பெயரிட்டு, அமெரிக்காவின் ‘மட்ஹனி’ குழுவின் பாடகர் மார்க் ஆர்மைப் பாடவைத்து ஆஸ்திரேலியாவைச் சுற்றி வந்தார்கள். மூலப் பதிவுகளைக் கேட்டு முடித்த பிறகு அந்த நிகழ்ச்சிகளின் பதிவுகளையும் கேட்கலாம்.